குதிரை முக்கு ராஜாவின் முகம்

வடத்தை ராஜாவின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மூன்றாவது சுற்றுக்குப் பாஸ்கல் கையை நீட்டியபோது, கீழேயிருந்து மொக்கையன் கத்தினான்.

"ஏலே பாஸ்கல்! குதிரை வயித்துல கட்டச் சொன்னா கழுத்துல கட்டிக்கிட்டு இருக்க? தூக்குலயா போடப் போறோம்?"

பாஸ்கல் திரும்பவில்லை. ஒரு கால் குதிரையின் முதுகில், ஒரு முழங்கால் ராஜாவின் தோளில். பனியில் நனைந்த சிமெண்டு வழுக்கியது. மணி ஒன்பதரை. பத்து மணிக்கு உபதேசியார் சூசையப்பன், கோயில் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். வந்தால், வடம் எங்கே விழுந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார். அதற்குள் முடிச்சு இறுக வேண்டும். லாரி நகர வேண்டும்.

"வயித்துல கட்டுனா வழுக்கும்ணே" என்றான் பல்லைக் கடித்தபடி.

"கழுத்துல கட்டுனா தலை மட்டும்தாம்லே வரும்."

"வரட்டும்."

மொக்கையன் வாயிலிருந்த பீடியை எடுத்தான். பாஸ்கலின் லாரியில் பத்து வருஷமாகச் சுமை ஏற்றி இறக்குகிறவன். இவன் குரலில் எது பிரேக், எது ஆக்ஸிலேட்டர் என்று அவனுக்குத் தெரியும். இது பிரேக் இல்லாத குரல்.

"வேணாம்லே" என்றான் மெதுவாக. "ரோசிக்குத் தெரிஞ்சா..."

"அவளுக்குத் தெரியணும்னுதாம்ணே!"

முடிச்சு இறுகியது.

*

சின்னக்கானலுக்கும் பூப்பாறைக்கும் நடுவில், கல்லூற்று தேயிலை எஸ்டேட்டின் மூன்று ரோடுகள் சேருகிற இடத்துக்குக் குதிரை முக்கு என்று பெயர். முக்குக்குப் பெயர் கொடுத்த குதிரையின் மேல் வாளை ஓங்கியபடி உட்கார்ந்திருந்தவர் இங்கிலாந்து ராஜா.

லண்டனில் யாருக்கோ முடிசூட்டு விழா நடந்த வருஷம், எஸ்டேட்டின் பெரிய துரைக்கு ராஜபக்தி தாங்க முடியாமல் போயிற்று. சிலை ஏழு துண்டுகளாகப் போடிக்கு வந்து, அங்கிருந்து கோவேறு கழுதையிலும் கூலிக்காரர் தலையிலுமாக மலையேறியது. குதிரை நாலு துண்டு, ராஜா மூன்று துண்டு. அந்த ராஜா இந்த மலையைப் பார்த்ததில்லை. ஆனாலும் அவரைத் தாண்டிப் போகிறவர்கள் தலைத்துண்டை அவிழ்க்க வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். பத்து வருஷம் அவிழ்த்தார்கள். நாற்பத்தேழில் துரை கப்பலேறினார். மறுநாளே யாரோ பீடத்தின் பித்தளைப் பலகையைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். இன்னொருவன் கிரீடத்தின் மேல் கல்லெறிந்து பழகினான். கிரீடம் போய், மொட்டையாக ஒரு தொப்பி மாதிரி மிஞ்சியது.

ராஜா அத்தோடு முடிந்திருக்க வேண்டியவர். அவரைக் காப்பாற்றியது ஒரு மெழுகுவத்தி.

ஐம்பத்திரண்டில் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து பஞ்சம் பிழைக்க வந்த ஒரு கூட்டம், லாரியிலிருந்து இந்த முக்கில் இறங்கியது. அதில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைக் குதிரை, ஓங்கிய வாள், தலையில் தொப்பி. ஊரில் அவள் பார்த்து வளர்ந்த புனிதர் சந்தியாகப்பர் அப்படியே எதிரில் நின்றார். "எஞ்சாமி, எனக்கு முன்னால வந்துட்டீரா!" என்று ரோட்டிலேயே முழங்காலில் விழுந்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டாள். அழுகிறவளிடம் போய், இது ராஜா என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. சொல்லாமல் விட்ட அந்த ஒரு நாள்தான்! அடுத்த செவ்வாய்க்கிழமை பதினைந்து மெழுகுவத்தி எரிந்தது. ஜூலை இருபத்தைந்து திருநாள் அன்று மாலை விழுந்தது. எஸ்டேட் லயத்து வீடுகளில் இருந்த இந்துக்கள் தங்கள் பங்குக்குக் கருப்பசாமி என்று சுருட்டு வைத்தார்கள். ராஜா இரண்டையும் ஏற்றுக்கொண்டார்.

இப்போது எழுபத்து நாலு பிப்ரவரி. ரோடு அகலப்படுத்த வந்த மலையாளி ஓவர்சியர் சிலையை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது கீவர்கீஸ் புண்ணியாளனல்லே? அப்போ பாம்பு எவிடே?" என்றார், குதிரை மேலிருந்து பாம்பைக் குத்துகிற தன் ஊர்ப் புனிதரைத் தேடியபடி.

"பாம்பு இல்லீங்க. இது சந்தியாகப்பரு" என்றார் உபதேசியார்.

"ஆராயாலும் சனியாழ்ச்சைக்கு முன்பு மாறணும்." யாராக இருந்தாலும் சனிக்கிழமைக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டுமாம்.

பங்குச் சாமியார் தலையைச் சொறிந்தார். இருபது வருஷம் மெழுகுவத்தி வாங்கியவரைப் பள்ளத்தில் தள்ளச் சொல்ல அவருக்கும் துணிவில்லை. "கோயில் முற்றத்துக்குக் கொண்டு வாங்க. வாளுக்குப் பக்கத்தில் ஒரு கொடியைக் குடுத்து மந்திரிச்சிடறேன். இத்தனை நாள் பொய்யா இருந்தவர் இனிமே நிஜமாவே சந்தியாகப்பரா இருக்கட்டும்" என்றார்.

லயமே கை தட்டியது. கை தட்டாதவன் பாஸ்கல் ஒருவன்தான். சிலையை ஏற்றிப் போக எஸ்டேட் லாரியைக் கேட்டபோது, "நானே ஓட்டுறேன்" என்று முதலில் கை தூக்கியவனும் அவன்தான்.

ஏனென்றால், கோயில் முற்றம் அவன் வீட்டு வாசலுக்கு நேர் எதிரில் இருந்தது.

*

ராஜாவுக்கு ஒரு காலத்தில் வேறு முகம் இருந்தது. அறுபத்தெட்டு ஜூன் காற்றில் யூக்கலிப்டஸ் கிளை ஒன்று முறிந்து விழுந்து அந்த முகத்தைப் பிளந்துவிட்டது. ஒரு வருஷம் ராஜா முகமில்லாமல் வாளைத் தூக்கிக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. லயத்தில் சேர்ந்து சிமெண்டு வாங்கினார்கள். வேலையை மத்தியாஸ் கொத்தனாரிடம் கொடுத்தார்கள்.

மத்தியாஸ்!

அந்தப் பெயரை நினைத்தாலே பாஸ்கலுக்கு வாயில் ஏலக்காயின் தோலை மென்ற மாதிரி காறும். மத்தியாஸ் ரோசிக்கு அத்தை மகன். முறை மாப்பிள்ளை. அறுபத்து நாலில் முறைப்படி பெண் கேட்டு வந்தவன். ரோசியின் அப்பா, "ரத்த சொந்தத்துல கட்டணும்னா சாமியார் பிஷப்புக்கு எழுதி விலக்கு வாங்கணும், அதுக்கு அலைய என்னால ஆகாது" என்று சொல்லி, டிரைவர் பாஸ்கலுக்குக் கட்டி வைத்தார். மத்தியாஸ் கல்யாணத்துக்கு வந்தான். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான். அதன் பிறகு எவளையும் கட்டவில்லை. இந்தக் கடைசி ஒன்றுதான் பாஸ்கலின் நெஞ்சில் கிடந்து அறுத்தது. கட்டித் தொலைத்திருந்தால் என்ன?

ராஜாவின் முகத்தைப் பூச, தண்ணீரும் மணலும் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. காலையில் பேர் கூப்பிடுகிற மஸ்டரில் கேட்டார்கள். அறுபது பெண்கள் நின்ற இடத்தில், "நான் போறேன்" என்று ஒரே ஒரு குரல் கேட்டது.

ரோசி.

பதினோரு நாள். கொழுந்துக் கூடையைக் கழற்றி வைத்துவிட்டுச் சாந்துச் சட்டி தூக்கினாள். சாரத்தைச் சுற்றிச் சாக்குப் படுதா கட்டியிருந்தார்கள். உள்ளே அவர்கள் இரண்டு பேர். பாஸ்கல் கொழுந்து லோடோடு தினம் நாலு தடவை அந்த முக்கைத் தாண்டினான். நாலு தடவையும் ஹாரன் அடித்தான். ஒரு தடவைகூடப் படுதா விலகவில்லை. நாலாம் நாள் உள்ளே அவள் அழுகிற மாதிரி கேட்டது. ஏழாம் நாள் சிரிக்கிற மாதிரி கேட்டது. எது மோசம் என்று அவனுக்கு இன்றுவரை தெரியவில்லை.

திருநாளன்று படுதாவை அவிழ்த்தார்கள். முறுக்கிய மீசை. எடுப்பான மூக்கு. தாடையின் நடுவில் ஒரு குழி, கட்டை விரலை வைத்து அழுத்திய மாதிரி.

"எங்க பாட்டன் ஜாடை அப்படியே இருக்கு" என்றார் உபதேசியார்.

"போடி அரிசிக் கடைக்காரன் மாதிரி இருக்கு" என்றான் மொக்கையன்.

அடுத்த வீட்டுச் சந்தனமேரிதான் வத்தி வைத்தாள். "ஏன் பாஸ்கலண்ணே, அந்தத் தாடைக் குழியைப் பாத்தீயளா? நம்ம மத்தியாசுக்கும் அதே இடத்துல அதே குழி. கண்ணாடி பாத்துச் செஞ்சிருப்பானோ?"

சொல்லிவிட்டு அவள் உப்பு வாங்கப் போய்விட்டாள். அவன் அங்கேயே நின்றான்.

அன்று முதல் அஞ்சு வருஷம். செவ்வாய் தவறாமல் ரோசி குளித்து, தலை முடிந்து, மெழுகுவத்தியோடு முக்குக்குப் போனாள். மழையில் குடை பிடித்துப் போனாள். காய்ச்சலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு போனாள். பாஸ்கல் மூணாறில் ஆசை ஆசையாக வாங்கி வந்த நைலக்ஸ் புடவையைப் பெட்டியில் பத்திரப்படுத்தி, முதல் முதலாக ஒரு செவ்வாய்க்கிழமை எடுத்துக் கட்டினாள்.

"எங்க புள்ள கிளம்பிட்ட, கல்யாணத்துக்கா?"

"செவ்வாக்கிழமைல்ல."

"எனக்கு ஒரு தடவ கட்டிக் காட்டினா என்ன?"

"ராத்திரி முழுக்க உங்க முன்னாலதான இருக்கேன். அவருக்கு வாரத்துல ஒரு நாள்தான?"

அவருக்கு! பாஸ்கல் சவரக் கண்ணாடியில் தன் தாடையைப் பார்த்தான். பலகை மாதிரி தட்டையாக இருந்தது. கட்டை விரலை நடுவில் வைத்து, வலிக்கிற வரை அழுத்தினான். எடுத்ததும் குழி மெல்ல மேலே வந்து நிரம்பிவிட்டது.

லாரியில் போகும்போது சிலையைப் பார்க்காமல் போகப் பழகினான். ஆனால் சிலை அவனைப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

*

"பாஸ்கல்! அவுக வாராக!"

மொக்கையன் கையைக் காட்டினான். பனிக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. உபதேசியார் முன்னால், பின்னால் முப்பது நாற்பது பேர். நடுவில், நைலக்ஸ் புடவையில் ரோசி. கையில் சாமந்தி மாலை.

பாஸ்கல் குதித்து இறங்கினான். வடத்தின் மறுநுனியை லாரியின் கொக்கியில் மாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தான். இன்ஜின் உறுமியது.

ரோசிதான் முதலில் பார்த்தாள். வடம் எங்கே போகிறது என்று அவள் கண் லாரியிலிருந்து மேலே ஓடியது. கழுத்து. மாலையை யார் கையிலோ திணித்துவிட்டு ஓடி வந்து லாரிக் கதவைப் பிடித்தாள்.

"இறங்குங்க. கயித்த மாத்திக் கட்டுங்க."

"ஏன்?"

"கழுத்துல கட்டியிருக்கீக."

"கட்டினா ராஜாவுக்கு வலிக்குமோ?"

"ஆமா. வலிக்கும்."

"எனக்கு அஞ்சு வருஷமா வலிக்குது ரோசி."

அவள் முகம் வெளுத்தது. என்ன சொல்கிறான் என்று இப்போதுதான் புரிந்த மாதிரி அவனை உற்றுப் பார்த்தாள். அவன் எதிர்பார்த்தது பயம். அவள் முகத்தில் இருந்தது அது இல்லை. பரிதாபமா? அதுதான் அவனை இன்னும் கொளுத்தியது.

"நீங்க நினைக்கிறது..." என்று தொடங்கினாள். சுற்றிலும் பார்த்தாள். உபதேசியார், சந்தனமேரி, ஓவர்சியர், ரோடு போட வந்த கூலிக்காரர்கள், எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உதட்டைக் கடித்தாள். "ஊட்டுக்கு வாங்க. சொல்லுதேன். இப்பக் கயித்த மட்டும் மாத்துங்க. உங்க கால்ல விழுதேன்."

கால்ல விழுவாளாம்! எட்டு வருஷம் முன்னால் அவன் நூற்று நாலு டிகிரிக் காய்ச்சலில் கிடந்தபோதுகூட இப்படி ஒரு குரல் அவளிடமிருந்து வந்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது. ஒரு சிமெண்டுக் கழுத்துக்காக வந்துவிட்டது.

"கைய எடு புள்ள."

"ஏங்க..."

"கைய எடுன்னேன்!"

அவள் எடுத்தாள். அவன் கிளட்சை விட்டான்.

வடம் விறைத்தது. பின்னால் யாரோ, "ஏலே, கழுத்துலலே!" என்று அலறினார்கள். ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. லாரியின் பின்சக்கரம் சேற்றில் சுற்றியது. அப்புறம் ஒரு சத்தம், பலாக்காய் பாறையில் விழுகிற மாதிரி.

திரும்பிப் பார்த்தபோது ராஜாவின் தோளுக்கு மேலே நாலு கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. தலை பீடத்தில் மோதி, பின்மண்டை தூளாகி, முகம் மட்டும் ஒரே சில்லாக மல்லாந்து கிடந்தது. மீசை முனை போயிருந்தது. தாடைக் குழி அப்படியே இருந்தது.

"எண்ட கர்த்தாவே!" என்றார் ஓவர்சியர்.

உபதேசியார்தான் முதலில் சுதாரித்தார். எந்தத் துக்க வீட்டிலும் பாடை கட்ட மூங்கில் இருக்கிறதா என்று முதலில் கேட்கிற மனுஷர் அவர். "சரி, வடம் வழுக்கி மேல போயிருச்சு. விடுங்கப்பா. வாளு இருக்கு, குதிரை இருக்கு. தலை வேற செஞ்சுக்கலாம்."

வழுக்கவில்லை என்று அங்கே எல்லாருக்குமே தெரியும். மொக்கையன் பீடியைப் பற்ற வைக்கக் குனிந்துகொண்டான். ரோசி மெல்ல நடந்து போய் அந்த முகத்தின் எதிரில் உட்கார்ந்தாள். முந்தானையை விரித்தாள்.

பாஸ்கல் முந்திக்கொண்டான். முகத்தைத் தூக்கிக் கொழுந்துச் சாக்கில் போட்டான்.

"அதை எங்கிட்டக் குடுங்க."

"எவன் செஞ்சானோ அவங்கிட்டயே குடுத்துட்டு வாரேன். அவன் மூஞ்சி அவனுக்கு."

ரோசி எழுந்தாள். அவள் அழுவாள், சண்டை போடுவாள், சாபம் விடுவாள் என்று நின்றான். அவள் சாக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுத்துட்டு வாங்க" என்றாள் கடைசியில். "வழியில எங்கயும் கீழ போட்டுராதீக."

*

குதிரையையும் தலையில்லாத ராஜாவையும் மத்தியானத்துக்குள் கோயில் முற்றத்தில் இறக்கியாயிற்று. "மணல் லோடுக்குப் போறேன்" என்று ஆபீசில் சொல்லிவிட்டு, பாஸ்கல் தனியாக வண்டியை எடுத்தான். பூப்பாறை தாண்டி இடது பக்கம் திரும்பினான். போடிமெட்டு ரோடு.

திரும்பியதும் கியரை இறக்கி, நடை வேகத்தில் உருட்டினான்.

இந்த ரோட்டில் அவன் வண்டி ஓட்டி அஞ்சு வருஷத்துக்கு மேல் ஆகிறது. போடி லோடு எல்லாவற்றையும் வேறு டிரைவருக்குத் தள்ளிவிடுவான். கேட்டால் முதுகு வலி என்பான். எஸ்டேட்டில் யாரும் இரண்டாவது தடவை கேட்டதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

அறுபத்தெட்டு அக்டோபர். போடிச் சந்தையிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு ஏறியபோது, மெட்டுக்குக் கீழே, நாலாவது வளைவில் பிரேக் விட்டுவிட்டது. லாரி பின்னால் உருண்டது. கதவு பிய்த்துக்கொண்டு பாஸ்கல் ரோட்டோரம் விழுந்தான். மூட்டை மேல் உட்கார்ந்து வந்த நாலு பேரும் வண்டியோடு பள்ளத்துக்குப் போனார்கள். மூன்று உடம்புகளைத்தான் எடுக்க முடிந்தது. கிடைக்காத நாலாவது ஆள் ரோசியின் அப்பா சுவக்கீன். அன்று சந்தைக்கு வர மாட்டேன் என்றவரை, "வாங்க மாமா, வண்டி சும்மாதான போகுது" என்று கூப்பிட்டுப் போனவன் பாஸ்கல்.

விசாரணையில் பிரேக் கோளாறு என்று எழுதி விட்டுவிட்டார்கள். ரோசி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் இல்லை. அவன் தூக்கத்தில் உளறி எழுந்தால் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். அப்பா என்ற சொல்லே அந்த வீட்டில் புழங்கவில்லை. அந்த மௌனத்தை மன்னிப்பு என்று எண்ணிக்கொள்ள அவன் பழகியிருந்தான். மத்தியாஸ் வந்து ராஜாவுக்கு முகம் பூசிய பிறகுதான் அதற்கு வேறு அர்த்தம் கற்பித்தான்: என்னிடம் பேச அவளுக்கு ஒன்றுமில்லை, பேச்செல்லாம் அங்கே போகிறது!

பக்கத்து சீட்டில் சாக்கு வாய் திறந்து கிடந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஓரக்கண்ணில் தாடைக் குழி தெரிந்தது. பாஸ்கல் சாக்கை இழுத்து மூடினான். அடுத்த பள்ளத்தில் மறுபடி வந்தது.

*

போடிமெட்டில் செக்போஸ்ட்டுக்குப் பின்னால், டீக்கடை சரிந்துவிடாமல் இருக்கக் கல் கட்டிக்கொண்டிருந்தான் மத்தியாஸ். காற்று ஆளைத் தள்ளியது. நரை விழுந்திருந்தது அவனுக்கு. தாடையில் அதே குழி, அதற்குள் சிமெண்டுத் தூசி.

"வா பாஸ்கல். இந்தப் பக்கமெல்லாம் வர மாட்டியே! டீ சொல்லவா?"

"டீ குடிக்க வரல. உன் மூஞ்சியக் கொண்டாந்திருக்கேன், வாங்கிக்க."

சாக்கைக் கவிழ்த்தான். முகம் மணல் குவியல் மேல் விழுந்து சாய்ந்தது. மத்தியாஸ் கரண்டியைக் கீழே வைத்தான். குனிந்து பார்த்தான். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"யாரு உடைச்சது?"

"நாந்தான்."

"ரோசி பாத்தாளா?"

"எம்பொண்டாட்டி பேர உன் வாயால..."

"பாத்தாளான்னு கேட்டேன்."

"பாத்தா. நல்லாப் பாக்கட்டும்னுதான் செஞ்சேன். இனிமே அவ எந்த மூஞ்சிக்கு மெழுகுவத்தி ஏத்துவா?"

மத்தியாஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தான். அடிப்பான் என்று பாஸ்கல் முஷ்டியை மடக்கினான். அடித்தால் நன்றாக இருக்கும். அஞ்சு வருஷமாக அதற்குத்தானே காத்திருந்தான்.

"இது நான்னு நினைச்சியா?" என்றான் மத்தியாஸ். "இந்தக் குழிய வெச்சா? கூறு கெட்டவனே, இது எங்கம்மா வழிக் குழிடா. எனக்கு மட்டுமா இருக்கு?"

"பொய் சொல்லாத. பதினோரு நாளு படுதாவுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு..."

"நடந்ததச் சொல்லட்டுமா? எனக்கு ராஜாவும் தெரியாது, சந்தியாகப்பரும் தெரியாது. என்ன மூஞ்சி வைக்கிறதுன்னு முழிச்சிக்கிட்டு நின்னேன். அவ ஒரு படத்தக் கொண்டாந்தா. பழைய படம், அதுல இருக்கவரு தன் கல்யாணத்தப்ப எடுத்தது. மூக்கு இன்னும் கொஞ்சம் மேல, கண்ணு இன்னும் கொஞ்சம் சின்னதுன்னு அவ சொல்லச் சொல்ல நான் பூசினேன். நாலாம் நாளு கண்ணு சரியா அமைஞ்சப்ப உக்காந்து அழுதா. மீசையக் கோணலா வெச்சேன்னு ஒரு நாள் சிரிச்சா. அவ்வளவுதான் நடந்துச்சு."

"யாரு படம்?"

மத்தியாஸ் தோள் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான்.

"யாரு படம்லே? அத ஏன் எங்கிட்ட மறைக்கணும்?"

"எங்கிட்ட சத்தியம் வாங்கினா. தினம் நாலு தடவ அந்த முக்கத் தாண்டி வண்டி ஓட்டுற ஆளு. தெரிஞ்சா ஸ்டியரிங்கப் புடிக்கக் கை வராதுன்னா. தெரியாமலே இருந்துட்டுப் போகட்டும்னா. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவத்தியத் தூக்கிக்கிட்டுக் கல்லறைக்குப் போவுது, எனக்குப் போக ஒரு இடம் வேணும் மச்சான்னு கேட்டா. நான் சத்தியத்தக் காப்பாத்துறேன். வாயால சொல்ல மாட்டேன்."

சாந்துச் சட்டியை இழுத்தான். கையை உள்ளே விட்டுப் பச்சைச் சிமெண்டை அள்ளினான். முகத்தின் தாடையில் அப்பினான். குழி மறைந்தது. இன்னொரு கை அள்ளி இரண்டு கன்னத்திலும் ஏற்றினான். பிறகு நாலு விரலையும் விரித்து, மேலிருந்து கீழாக இழுத்தான்.

"வேளாங்கண்ணிக்கு நேர்ந்து வளத்தது" என்றான் இழுத்துக்கொண்டே. "நீ பொண்ணு பாக்க வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே தாடிய வளர விட்டுட்டாரு. உள்ள என்ன இருந்துச்சுன்னு நீ எங்க பாத்திருக்கப் போற?"

விரலை எடுத்தான். ஈரச் சிமெண்டில் தாடி மணல் வரை இறங்கியிருந்தது. அதற்கு மேலே, அதே சின்னக் கண்களோடு, "வண்டி சும்மாதான போகுது" என்று கூப்பிட்டதும் வண்டியில் ஏறி உட்கார்ந்த மாமனார் சுவக்கீன் பாஸ்கலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.